பேருக்கு நேரே

வெறும் எண்ணை யாராவது சொன்னால் அக்காவுக்கு ஆகாது. திண்டிவனத்திலிருந்து போன் வரும். "மூணு பேருக்கு மாத்திரை தீந்துபோச்சு" என்பார்கள். இவர் ரிசீவரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எந்த மூணு? பேரு சொல்லு, ஊரு சொல்லு. எந்த மாத்திரை?" என்று கேட்பார். அந்தப் பக்கம் சலித்துக்கொள்வது எங்களுக்கே கேட்கும். அக்கா விடமாட்டார். பேரும் ஊரும் வந்த பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

எண்பதுகளின் கடைசியில் விழுப்புரத்தில், காசநோய்க்காரர்களுக்கு இலவசமாக மருந்து கொடுக்கும் ஒரு சின்ன அறக்கட்டளையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடுதான் ஆபீஸ். திண்டிவனத்தில் ஊசி போடும் மையம் ஒன்று இருந்தது. அங்கே வரும் நோயாளிகளின் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டவர் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கண்ணாடி, எப்போதும் மை பட்ட வலது கை. அவருக்குப் பேர் இருந்தது. ஆபீஸில் யாரும் அதைச் சொன்னதில்லை. டாக்டர் உட்பட எல்லோருக்கும் அக்காதான்.

அந்தப் பதிவேட்டைப் பார்த்தால் முதலில் பயமாக இருக்கும். ஒரு நோயாளிக்கு ஒரு வரி. இடது ஓரத்தில் பேர், ஊர். அதற்குப் பிறகு வயது, எடை, சளிப் பரிசோதனை, எந்த மாத்திரை, எத்தனை, ஊசி உண்டா இல்லையா, ஒத்துக்கொள்ளாதது எது என்று கட்டங்கள் ஒன்றரை வருஷத்துக்கு வலது பக்கமாக நீண்டுகொண்டே போகும். ஒரு பக்கத்தில் அடங்காது. பக்கத்தைத் திருப்பினால் பேர் மறைந்துவிடும். அக்கா அதற்காக, முதல் தாளைத் தவிர மற்ற தாள்களின் இடது ஓரத்தை பிளேடால் நறுக்கி எடுத்துவிட்டார். எத்தனை தாள் திருப்பினாலும் முதல் தாளில் இருக்கும் பேர்கள் ஓரத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். மேலே உள்ள தலைப்புகளுக்கு வேறு வழி. காலண்டர் அட்டையை நீளமாக வெட்டி, அதே அகலத்தில் கட்டம் போட்டு, தலைப்புகளை எழுதி வைத்திருந்தார். எந்த வரியைப் படிக்கிறாரோ அந்த வரிக்கு மேலே அட்டையை நகர்த்திக்கொண்டே வருவார். இடது கைக் கட்டைவிரல் பேரின் மேல் இருக்கும்.

ஒரு தடவை ஆடிட் பார்க்க வந்தவர் பதிவேட்டைத் திறந்து பார்த்து அதிர்ந்துபோனார். "பைண்டு பண்ண ரிஜிஸ்டர்ல பேப்பரை வெட்டினது யாரு?"

"நான்தாங்க."

"வெட்டக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியுங்க. வெட்டலன்னா யாருக்கு எதைக் குடுக்கிறோம்னு தெரியாதுங்க."

அவர் அதைக் குறையாகவே எழுதிவிட்டுப் போனார். அக்கா அடுத்த வருஷத்துப் பதிவேட்டையும் நறுக்கினார்.

அவரோடு பஸ்ஸில் போவதும் பாடுதான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் போர்டைப் படிப்பார். பிறகு டிரைவரைக் கேட்பார். ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவரை, "இது திண்டிவனம்தானேங்க?" என்பார். ஒருநாள் கண்டக்டர் கடுப்பாகி, "போர்டுல எழுதிக்குதே, படிக்கத் தெரியாதா?" என்றார். "போர்டை மாத்தாம வுட்டிருப்பீங்க" என்றார் அக்கா. அது உண்மையாகவே நடப்பதுதான் என்பதால் கண்டக்டர் இறங்கிப் போய் போர்டைப் பார்த்துவிட்டு வந்தார். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருக்கும். கொஞ்ச நாளில், அவரோடு இருக்கும்போது என் நெஞ்சும் காரணமில்லாமல் அடித்துக்கொள்வதைக் கவனித்தேன்.

வெளிநாட்டு நன்கொடையில் ஆபீஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பாண்டிச்சேரியில் மூன்று மாதக் கோர்ஸ் முடித்தவள் என்பதால்தான் என்னை வேலைக்கே எடுத்திருந்தார்கள். திண்டிவனத்துப் பதிவேடு முழுவதையும் ஒரே பெரிய அட்டவணையாக அதில் ஏற்றினேன். நூற்றைம்பதுக்கு மேல் பேர். முடிந்ததும் அக்காவைப் பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். அம்புக்குறிச் சாவியை அழுத்தி வலது பக்கம் போனேன். பேர்கள் ஒவ்வொன்றாக இடது ஓரத்தில் மறைந்தன.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஏய், பேரு எங்க போச்சு?"

"உள்ளதான் இருக்குக்கா. திரும்பிப் போனா வரும்."

"உள்ள இருந்தா எனக்கு எப்பிடித் தெரியும்? இப்ப இதுல ரெண்டுன்னு போட்டுக்குது. யாருக்கு ரெண்டு?"

கீழே இறங்கிக் காட்டினேன். தலைப்புகளும் மேலே போய் மறைந்தன. திரை முழுக்க வெறும் எண்கள். அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு நீளக் காகிதத்தில் பேர்களை எழுதிவந்து மானிட்டரின் இடது ஓரத்தில் ஒட்டினார். ஒரு வரி கீழே இறங்கியதும் அத்தனை பேரும் தப்பாகிப் போனார்கள். அவர் அதைக் கிழித்தெடுத்த வேகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அச்சடித்தால் இன்னும் மோசம். அகலம் போதாமல் அட்டவணை நான்கைந்து தாள்களாக உடைந்து வரும். முதல் தாளில்தான் பேர் இருக்கும். அக்கா தாள்களைத் தரையில் பரப்பி, பசை போட்டு ஒட்டி, முழங்காலிட்டு உட்கார்ந்து பதிவேட்டோடு ஒத்துப்பார்ப்பார். வியாழக்கிழமை மத்தியானம் முழுக்க இதற்கே போகும். வெள்ளிக்கிழமைதான் திண்டிவனத்தில் ஊசி நாள்.

ஜெராக்ஸ் எடுத்த கையேட்டைப் புரட்டிப் புரட்டி ஒருநாள் அதற்கு வழி கண்டுபிடித்தேன். தலைப்புக்கு ஒரு வரி கீழே, ஊருக்கு ஒரு கட்டம் வலது பக்கம் கர்சரை வைத்து, சாய்கோட்டுச் சாவியை அழுத்தி, 'டைட்டில்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதன் பிறகு எவ்வளவு தூரம் போனாலும் மேலே தலைப்பும் இடது பக்கம் பேரும் ஊரும் அசையாமல் நிற்கும். அச்சடிக்கும்போதும் ஒவ்வொரு தாளிலும் அவை வரும்படி செய்ய இன்னொரு வழி இருந்தது.

அக்காவை உட்கார வைத்து, சாவியை அவர் கையாலேயே அழுத்தச் சொன்னேன். வலது பக்கம் போனார். பேர் நின்றது. கீழே போனார். தலைப்பு நின்றது. கடைசிக் கட்டம்வரை போய், திரும்பி வந்து, மறுபடி போனார். "நிக்குதே" என்றார். என் தோளில் கை வைத்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "இனிமே நிம்மதிம்மா."

இரண்டு மாதம் அப்படியே போயிற்று. காலண்டர் அட்டை மேஜைக்குள் போனது. தாள் ஒட்டுவது நின்றது. வியாழக்கிழமை ஒத்துப்பார்ப்பதும், யாரும் நிறுத்தச் சொல்லாமலே, நின்றுபோனது. பதிவேட்டை எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் டாக்டர் என்னிடம், "திண்டிவனத்து நர்ஸுக்குப் பேரு தேடறது கஷ்டமா இருக்காம். ஏ, பி, சி வரிசையில அடுக்கிக் குடும்மா" என்றார். ஐந்து நிமிஷ வேலை. அசையாமல் நின்ற அந்த இரண்டு கட்டங்களை, பேரையும் ஊரையும், மேலிருந்து கீழ்வரை தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தச் சொன்னேன். கண் இமைப்பதற்குள் அடுக்கிவிட்டது. சேமித்தேன். அச்சடித்தேன்.

மற்ற கட்டங்களை நான் சேர்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. பேரும் ஊரும் இடம் மாறின. எடையும் மாத்திரையும் ஊசியும் இருந்த இடத்திலேயே இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை ஜீப் கிளம்பும் முன் அக்கா தாள்களைப் புரட்டினார். ஒவ்வொரு தாளிலும் தலைப்பு இருக்கிறதா, பேர் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. கையெழுத்துப் போட்டார். ஜீப் போய்விட்டது.

ஒன்பதரை மணி இருக்கும். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா திரை முன்னால் உட்கார்ந்து, புது வரிசை எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சலைக்கு அறுபத்தோரு கிலோன்னு போட்டுக்குதே?"

"தப்பா அடிச்சிருப்பேன்க்கா. மாத்திடறேன்."

"அது முப்பத்தாறு கிலோ பொம்பளைம்மா. பிரம்மதேசத்து அஞ்சலை." சாவியை அழுத்தும் சத்தம் கேட்டது. "ஏழுமலைக்கு வயசு ஒம்போதா? பேரன் எடுத்த ஆளு." மறுபடி சாவிச் சத்தம். அதன்பின் சத்தமே இல்லை.

நான் திரும்பிப் பார்த்தபோது அக்கா திரையில் அஞ்சலையின் வரியை விரலால் தொட்டுக்கொண்டே வலது பக்கம் போய், ஊசி என்ற தலைப்பின் கீழே நிறுத்தியிருந்தார். 'உண்டு' என்று இருந்தது.

"அதுக்கு ஊசி ஆவாது. போன வருஷமே மூஞ்சி வீங்கி மூச்சு முட்டிச்சு." என்னைப் பார்த்தார். "நீ இன்னா பண்ண?"

பேரையும் ஊரையும் அடுக்கினேன் என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. டீ டம்ளரைக் கீழே வைத்தேனா, போட்டேனா என்று தெரியவில்லை.

திண்டிவனத்து போன் செத்துக் கிடந்தது. எக்ஸ்சேஞ்சில் கேட்டால் லைன் ரிப்பேர் என்றார்கள். டாக்டர் கடலூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அக்கா பதிவேட்டை ஒரு துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வா" என்றார். பஸ் ஸ்டாண்டில் நின்ற முதல் பஸ்ஸில் ஏறினார். அன்றைக்கு அவர் போர்டைப் படிக்கவில்லை. நான்தான் படித்தேன்.

விக்கிரவாண்டியில் ஆள் ஏற்றினார்கள். கூட்டேரிப்பட்டில் யாரோ மூட்டை ஏற்றினார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அக்கா முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார், உட்காருவார். வழியில், நான் கேட்காமலே, சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"எங்கப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க. பெரிய ஆஸ்பத்திரி. கவர் மேல அப்பா பேரு இருந்துச்சு. டாக்டரு படத்தை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, நெஞ்சு நல்லா கீது, கூட்டிக்கினு போங்கன்னாரு. நாங்க சந்தோஷமா போயிட்டோம். உள்ள இருந்தது வேற யாரோ படம்." பதிவேட்டை மடிக்கு மாற்றிக்கொண்டார். "கவர்ல பேரு சரியாதான் இருந்துச்சு. நான்தான் படிச்சேன்."

நான் அழுதேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

திண்டிவனத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி வரும் சத்தமே இல்லை. அக்கா இறங்கிவிட்டார். கேட்டுக்கு அடியில் குனிந்து புகுந்து, தண்டவாளத்தைத் தாண்டி, வெயிலில் ஓடினார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை. பின்னால் ஓடிய எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

மையத்தில் வரிசை நின்றிருந்தது. நர்ஸ் அடுத்த ஊசியை எடுத்துக்கொண்டிருந்தார். "நிறுத்து" என்று அக்கா வாசலிலிருந்தே கத்தினார். பதிவேட்டைப் பெஞ்சில் விரித்தோம். அதுவரை ஊசி போட்டவர்கள் பதினோரு பேர். அக்கா ஒவ்வொரு பேராகக் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். அதில் இரண்டு பேருக்குப் போட்டிருக்கக் கூடாது. ஒருவர் வயதானவர், ஓமந்தூர்க்காரர். மரத்தடியில் உட்கார்ந்து பன்னைத் தின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரை அங்கிருந்து நகரவேண்டாம் என்று பிடித்து உட்கார வைத்தோம்.

"அஞ்சலை எங்க?"

"அப்பவே பஸ் ஏறிப் போயிடுச்சே." நர்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அது வேணாம்னுதான்க்கா சொல்லிச்சு. எனக்கு ஆவாதுங்க, அந்தக்கா சொல்லிக்கிறாங்கன்னு சொல்லிச்சு. நான்தான், கம்ப்யூட்டர்லயே உண்டுன்னு வந்துக்குது, அக்கா கையெழுத்தும் கீதுன்னு…"

ஜீப்பில் பிரம்மதேசம் பாதையில் போனோம். நர்ஸும் ஏறிக்கொண்டார். எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி அக்கா விசாரித்தார். வாந்தி எடுத்த ஒரு பொம்பளையை வழியில் இறக்கிவிட்டதாக டிரைவர் சொன்னார்.

ஒரு புளியமரத்தடியில் அவளைப் பார்த்தோம். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். ஒருத்தி முந்தானையால் விசிறினாள். அஞ்சலையின் உதடு தடித்து, கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. மூச்சு இழுக்கும் சத்தம் ஜீப் வரைக்கும் கேட்டது. கொண்டுவந்த மருந்துப் பெட்டியிலிருந்து வீக்கத்தை அடக்கும் ஊசியை எடுத்து நர்ஸ் அங்கேயே போட்டார். நாங்கள் மூன்று பேரும் அவளைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினோம். எடையே இல்லை. முப்பத்தாறு கிலோ என்பது பதிவேட்டில் வெறும் எண்தான்; கையில் ஏந்தியபோதுதான் அது எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது.

அக்காவின் மடியில் தலை. "அக்கா, நா சொன்னேங்க" என்றாள், மூச்சுக்கு நடுவில். "பேப்பர்ல கீதுன்னாங்க."

அக்கா, "ஆமாம்மா, நீ சரியாதான் சொன்ன" என்றார். அதையே ஆஸ்பத்திரி வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அஞ்சலை பிழைத்துக்கொண்டாள். ஐந்து நாள் வார்டில் இருந்தாள். தினமும் காலையில் முதல் பஸ்ஸுக்கு அக்கா திண்டிவனம் போய் வந்தார். என்னைக் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து, "எப்படி இந்த மாதிரி நடந்துச்சு?" என்று கேட்டார். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று நான் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டரும் அதை நம்பத் தயாராக இருந்தார் என்றே தோன்றியது. அக்கா எழுந்தார்.

"மெஷின்ல கோளாறு ஒண்ணுமில்ல சார். பேரை மட்டும் தனியா பிரிச்சு அடுக்கினது இந்தப் பொண்ணு. ரிஜிஸ்டரோட ஒத்துப்பாக்காம கையெழுத்துப் போட்டது நானு. வேணாம்னு சொன்னவளுக்குப் போட்டது நர்ஸம்மா. அஞ்சலை தப்பா ஒண்ணும் பண்ணல. அதையும் எழுதிக்குங்க."

எல்லோர் முன்னாலும் என்னைக் கையால் காட்டிச் சொன்னார். உடம்பு கூசியது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் கூடுதல் இல்லை, குறைவும் இல்லை. இருந்தாலும் பல வாரம் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வேலை போகவில்லை. வியாழக்கிழமை தோறும் இரண்டு பேர் சேர்ந்து படித்துச் சரிபார்க்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு போட்டார். அக்கா பதிவேட்டிலிருந்து படிப்பார். நான் திரையைப் பார்த்து, "சரி" என்று சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம். அதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. ஒவ்வொரு "சரி"க்கு முன்னாலும் பேரை இன்னொரு தடவை பார்த்துக்கொள்வேன். இவ்வளவு காலமும் அக்காவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது.

அஞ்சலைக்கு மாத்திரை மட்டும் தொடர்ந்தார்கள். அவளுக்கு மருந்து முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கடைசிப் பரிசோதனைக்கு விழுப்புரத்துக்கே வரச் சொல்லியிருந்தோம். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக என் அறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"நீதானா அது? பேரை மாத்தினது?"

எழுந்து நின்றேன். "ஆமாங்க."

என் கையைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். "என் பேரு எங்க கீது? காட்டு."

காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரலைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் அந்த எழுத்துகளின் மேல் வைத்தாள். "இதுக்கு நேரா இன்னா எழுதிக்கிது, படி."

படித்தேன். ஊர் பிரம்மதேசம். வயது. எடை. முதல் மாத எடை, இரண்டாம் மாத எடை. சாவியை அழுத்த அழுத்தக் கட்டங்கள் நகர்ந்தன. அவள் விரல் வைத்த இடத்தில் பேர் அப்படியே நின்றது. ஊசி, கூடாது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அவள், "ஊம், மேல படி" என்றாள். கடைசிக் கட்டம்வரை படித்தேன். எடை நாற்பத்திநான்கு. சளியில் கிருமி இல்லை.

"இன்னொரு வாட்டி" என்றாள்.

மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். முடித்ததும் விரலை எடுத்தாள். "சரி. அது நான்தான்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அக்கா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கதவருகே பதிவேட்டோடு நின்றிருந்தார். மேஜை மேல் அதை விரித்து, அஞ்சலையின் வரியில் கடைசிக் கட்டத்தில் 'முடிந்தது' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடாமல் என் பக்கம் நீட்டி, "நீயும் போடு" என்றார்.